துணையை இழந்த என் கினி பிக் மறுபடி சாப்பிடத் தொடங்கிய கதை

பஞ்சு, முத்து என்று இரண்டு ஆண் கினி பிக்குகளை ஒன்றாகத்தான் வளர்த்தேன். பஞ்சு இறந்தபின் முத்து ஒரு மூலையிலேயே முடங்கிவிட்டான், கொத்தமல்லியை நீட்டினால்கூட முகர்ந்துவிட்டு விட்டுவிடுவான். கினி பிக் சாப்பிடாமல் இருந்தால் குடல் இயக்கமே நின்றுபோகும் ஆபத்து உண்டு என்பதால், சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து, குறையத் தொடங்கியதுமே டாக்டரிடம் ஓடினேன்.

நோய் எதுவும் இல்லை, தனிமைதான். இரண்டு பெண் கினி பிக்குகளைச் சேர்க்க முடிவு செய்து முத்துவுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். அதற்குப் பிறகும் 6 வாரம் தள்ளியே வைக்க வேண்டும், உடனே சேர்த்தால் குட்டி பிறந்துவிடலாம். அந்த நாட்களில் புதியவர்கள் முதலில் வேறு அறையில் இருந்தார்கள், நோய் இல்லை என்று தெரிந்த அப்புறம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம். முத்து வலையோரமாகவே படுக்க ஆரம்பித்தான். சாப்பாடும் திரும்பியது!

சேர்த்த அன்று அவனுடைய கூண்டைத் தவிர்த்து, யாருக்கும் சொந்தமில்லாத ஹால் தரையில் காய்ந்த புல்லைக் குவித்து, இரண்டு வாசல் உள்ள அட்டைப்பெட்டிகளை வைத்தேன். முத்து உறுமிக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றி வந்தான், ஒருத்தி பின்பக்கம் திரும்பி அவன்மேல் சிறுநீரைப் பீய்ச்சினாள். பதறிப்போய்ப் பிரிக்காதீர்கள், இதெல்லாம் இயல்பு. ரத்தம் வரும் அளவுக்குக் கடித்தால் மட்டும் தடித்த துண்டைப் போட்டுப் பிரியுங்கள், வெறுங்கை வேண்டாம்.

மாலைக்குள் மூவரும் ஒரே புல் குவியலில் தின்றுகொண்டிருந்தார்கள்.