லினக்ஸ் மேம்படுத்தல் பாதியில் நின்றால் செய்யக் கூடாதவை

கோத்தகிரிப் பக்கம் ஆடிக்காற்று தொடங்கிவிட்டால், கற்பூர மரத்தின் ஒரு கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தாலே போதும், மின்சாரம் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்பகுதியில் பழைய கணினிகளில் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளை நிறுவித் தருவதும், பழுதென்று அழைத்தால் நேரில் போய்ப் பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. மேம்படுத்தல் இடையில் நின்றதால் மட்டுமே கெட்டுப்போன கணினிகளை நான் அதிகம் கண்டதில்லை. நின்ற பிறகு பதறிப்போய் எதையெதையோ செய்ததால் கெட்டவையே மிகுதி.

ஒரு ஆடி மாதத்தில், பச்சைத் தேயிலையை எடைபோட்டு வாங்கும் ஓரிடத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, கணக்கு எழுதும் தம்பி கணினியை முழுவதுமாக அழித்துப் புதிதாக நிறுவுவதற்குப் பென் டிரைவைச் செருகித் தயாராக வைத்திருந்தார். “அண்ணா, கரண்ட் போய் வந்ததிலிருந்து எதையும் நிறுவ மாட்டேங்குது” என்றார். அந்தப் பருவத்தின் இலைக் கணக்கு முழுவதும் அதே வன்தட்டில்தான் இருந்தது, வேறெங்கும் நகல் இல்லை. திரையிலோ, மென்பொருள்களை நிறுவும் நிரலான டிபிகேஜி இடையில் தடைபட்டுவிட்டது என்றும், அதைச் சரிசெய்ய ‘டிபிகேஜி --கான்பிகர் -ஏ’ என்ற கட்டளையை நீங்களே இயக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நோயும் மருந்தும் ஒரே வரியில் இருந்தும், பிழைச்செய்தி என்றாலே படிக்காமல் மூடிவிடும் பழக்கத்தால் அவர் அதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கட்டளை ஏன் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஒரு தொகுப்பை, அதாவது ஒரு மென்பொருளின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதியை, நிறுவும்போது டிபிகேஜி முதலில் அதன் கோப்புகளைப் பிரித்து உரிய இடங்களில் வைக்கிறது, பிறகுதான் அதை இயங்கும் நிலைக்கு அமைக்கிறது. ஒவ்வொரு தொகுப்பும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் தன் நிலைக்கோப்பில் குறித்தும் வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போனால், பிரித்து வைக்கப்பட்டு இன்னும் அமைக்கப்படாத தொகுப்புகள் அப்படியே நிற்கும், மேற்சொன்ன கட்டளை அவற்றையெல்லாம் தேடிப்பிடித்து அமைத்து முடிக்கும். அதன் பிறகும் சார்புகள் (ஒரு தொகுப்பு இயங்கத் தேவைப்படும் மற்றத் தொகுப்புகள்) குறைபடுவதாகச் செய்தி வந்தால், தொகுப்புகளைப் பதிவிறக்கி டிபிகேஜியிடம் தரும் ஆப்ட் நிரலின் ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’ என்ற கட்டளையை இயக்க வேண்டும். கடைசியாக ‘டிபிகேஜி --ஆடிட்’ எதையும் காட்டாமல் திரும்பினால் அரைகுறையாக எதுவும் மிச்சமில்லை என்று பொருள். அந்தத் தம்பியின் கணினி இந்த மூன்று கட்டளைகளிலேயே சரியாகிவிட்டது.

நான் மிகவும் அஞ்சும் தவறு, இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் நடக்காமல் தடுக்கும் பூட்டுக்குரிய கோப்பை அழிப்பது. வேறொரு நிரல் பூட்டைப் பிடித்திருப்பதாகச் செய்தி வந்தவுடன், ‘லாக்’ என்று பெயருள்ள கோப்புகளையெல்லாம் நீக்கிவிடுமாறு யாரோ எப்போதோ சொன்னதை நம்பிப் பலரும் அப்படியே செய்கிறார்கள். கோப்பு இருப்பதே பூட்டு அன்று, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் வழியாக அந்தக் கோப்பின்மீது பிடித்து வைத்திருக்கும் உரிமைதான் பூட்டு. கோப்பை அழித்தால் அந்த நிரல் நின்றுவிடாது. அது தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்க, நீங்கள் தொடங்கும் இரண்டாவது நிறுவல் புதிதாக ஒரு பூட்டுக்கோப்பை உருவாக்கிக்கொண்டு அதே தரவுகளில் கைவைக்கும். இரண்டு பேர் ஒரே பேரேட்டின் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கும். பூட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தலாகவே இருக்கும். அதன் செயல்முறை எண்ணையும் பெயரையும் இன்றைய ஆப்ட் அந்தச் செய்தியிலேயே சொல்லிவிடுகிறது. இணையம் மெதுவாக உள்ள ஊரில் அது அரை மணி நேரம்கூட ஓடலாம், காத்திருங்கள். அந்த எண்ணில் எந்தச் செயல்முறையும் இயங்கவில்லை என்றால் பூட்டும் தானாகவே விடுபட்டிருக்கும், எதையும் அழிக்க வேண்டிய தேவை வராது.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் பதிவிறக்கத்தையும் நிறுவலையும் ஒரே மூச்சில் செய்யாமல் இருப்பது நல்லது. ‘ஆப்ட் அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி’ என்று கொடுத்தால் தொகுப்புகள் இறங்கி வட்டில் தங்கிவிடும். அப்போது மின்சாரம் போனாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. யுபிஎஸ் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து நிறுவலை மட்டும் பிறகு நடத்திக்கொள்ளலாம். குன்னூரில் அமர்ந்துகொண்டு கூடலூரில் உள்ள கணினியை எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பின் வழியாக மேம்படுத்துபவர்கள், இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும்படி அதை டிமக்ஸ் என்ற நிரலின் உள்ளிருந்தே செய்ய வேண்டும்.

சில பிழைகளில் குற்றவாளி தொகுப்பே அன்று. வட்டில் இடமில்லை என்று வந்தால் எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் ‘டிஎஃப் -எச்’ கொடுத்துப் பாருங்கள். கணினி தொடங்கத் தேவையான கோப்புகளை வைத்திருக்கும் பூட் பகுதி தனியாக இருக்கும் கணினிகளில் பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பியிருக்கக்கூடும். அங்குள்ள கோப்புகளைக் கையால் நீக்குவது, இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலையே நீக்குவதில் முடியலாம். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ அதைப் பார்த்துக்கொள்ளும். தொகுப்புகள் இறங்கும் இணையக் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஆப்ட் மறுத்தால், முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்த கணினியில், மின்சாரம் போய்வந்தால் கடிகாரம் பின்தங்கிவிடும். நேரத்தைத் திருத்தினால் தீர்ந்துவிடும் இந்தக் குறைக்காகக் கையொப்பச் சரிபார்ப்பையே நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வருத்தம் தருகிறது, ஏனெனில் நீங்கள் நிறுவுவது உண்மையான தொகுப்புதானா என்பதற்கு உள்ள காவல் அது ஒன்றே.

‘ஃபுல்-அப்கிரேட்’ கட்டளையை, கேள்விகளுக்கெல்லாம் ‘ஆம்’ என்று தானே சொல்லிவிடும் ‘-ஒய்’ சேர்த்து இயக்குவதையும் விட்டுவிடுங்கள். சாதாரண அப்கிரேட் எந்தத் தொகுப்பையும் நீக்காது, ஆனால் இது தேவைப்பட்டால் நீக்கும். நீக்கப்படும் பட்டியலில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயர் இருந்தால், அதைப் படிக்கும் வாய்ப்பையே ‘-ஒய்’ பறித்துவிடும். நீங்கள் திருத்திவைத்த அமைப்புக்கோப்பை மாற்றலாமா என்று டிபிகேஜி கேட்டால், விவரம் புரியாத நேரத்தில் இருப்பதையே வைத்துக்கொள்வது நல்லது. புதியது ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற பின்னொட்டுடன் அருகிலேயே இருக்கும், பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பதிப்பு மாற்றத்தில் தாவல் கூடாது. உபுண்டு 20.04 வைத்திருப்பவர் 22.04-க்குப் போய், அங்கிருந்துதான் 24.04-க்குப் போக வேண்டும். டெபியன் 11-இலிருந்து 13-க்கும் 12 வழியாகத்தான் பாதை. களஞ்சியப் பட்டியலில் பெயரை மட்டும் மாற்றித் தாண்டிவிட முயன்றால், சார்புகளின் சிக்கல் எங்கே தொடங்கியது என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும். அப்படி ஏதேனும் சிக்கிக்கொண்டால், வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்று போனால் அங்கே இருக்கும் ‘டெர்ம்.லாக்’ கோப்பைத் திறந்து, கடைசிப் பிழையிலிருந்து தொடங்காமல் மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள். கீழே வரிசையாக நிற்கும் மற்றவை பெரும்பாலும் அந்த ஒன்றின் விளைவுகளாகவே இருக்கும்.