சுவர் ஓதம்: பெயிண்ட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசி மழை ஓய்ந்ததும் வீட்டுச் சுவர்களில் ஓதம் தெரியத் தொடங்கும். பெயிண்ட் உப்பி உதிர்கிறது, பீரோவின் பின்னால் பூசணம் பிடிக்கிறது, மடித்து வைத்த பட்டுப்புடவையில் புழுங்கல் வாடை ஏறுகிறது. உடனே பெயின்டரை அழைத்து, ஓதத்தைத் தடுக்கும் என்று விற்கப்படும் பெயிண்டை உட்சுவரில் அடிப்பதே பெரும்பாலோர் செய்வது. நானும் எங்கள் வீட்டில் இரண்டு முறை அப்படிச் செய்து, இரண்டு முறையும் அடுத்த மழைக்குள் அது உரிந்து விழுவதைப் பார்த்தேன். சுவருக்குள் பதித்திருந்த குளியலறைக் குழாயின் இணைப்பில் இருந்த கசிவுதான் காரணம் என்பது மூன்றாவது முறை பூச்சை உடைத்தபோதே தெரிந்தது. ஆகவே, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று உறுதியாகத் தெரியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

சுவருக்குத் தண்ணீர் தரையிலிருந்து ஏறலாம், மேலிருந்தோ வெளியிலிருந்தோ இறங்கலாம், அல்லது வீட்டுக்குள் இருக்கும் காற்றிலிருந்தே வந்து படியலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்று அடி உயரத்துக்குள் நின்றுவிடும். அது நிற்கும் இடத்தில் கோடு போட்டாற்போல ஒரு கறையும், அதையொட்டி வெள்ளை உப்பும் பூத்திருக்கும். மேலிருந்து இறங்குவது மழைக்கு மறுநாள் பெரிதாகி, வெயில் அடித்தால் சுருங்கும். காற்றிலிருந்து படிவது மழையோடு தொடர்பே இல்லாமல் மார்கழியிலும் தையிலும் வரும். அறை மூலைகளிலும், சாமான்கள் ஒட்டி நிற்கும் சுவரிலும் கரும்புள்ளிகளாகப் பூசணம் தெரியும், உப்பு இருக்காது.

கண்ணால் பார்த்துத் தெளியவில்லையென்றால், சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளில் ஒன்றரை அடிச் சதுரம் வெட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

இந்தக் காற்றின் ஈரத்தைத்தான் நம் பக்கத்தில் பலரும் கூரைக் கசிவு என்று தவறாக நினைக்கிறார்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும் குளிர் மிகுந்ததே. வெப்பக் காற்று நீராவியை அதிகமாகத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். அதுவே 15 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 13 கிராம்தான். மிச்சம் இருப்பது அறையில் எது அதிகக் குளிர்ச்சியாக இருக்கிறதோ அதன்மேல் தண்ணீராகப் படியும். அது சன்னல் கண்ணாடியாக இருக்கலாம், தகரக் கூரையாகவோ சிமென்ட் அட்டையாகவோ இருக்கலாம், பழைய வீடுகளின் கற்பலகைக் கூரையாகவும் இருக்கலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவரில் வெயிலே படுவதில்லை. பூசணம் முதலில் அங்கே வருவதற்கு அதுவே காரணம்.

அந்த நீராவியை உண்டாக்குவது நாம்தான். கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு நால்வர் ஒரே அறையில் தூங்கினால், விடிவதற்குள் மூச்சிலும் வியர்வையிலுமாக ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். சமையல் எரிவாயு எரியும்போதும் நீராவி உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள், சோறும் குழம்பும் கொதிக்கும் ஆவியைச் சேர்க்காமலே, சுமார் 22 லிட்டர் தண்ணீரைச் சமையலறைக் காற்றில் விட்டுவிடுகிறது. ஆகவே அடுப்பு எரியும் நேரம் முழுவதும் எக்சாஸ்ட் மின்விசிறி ஓட வேண்டும், அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தை மூடி வையுங்கள். குளித்து முடித்ததும் குளியலறைக் கதவைச் சாத்தி, வெளிப்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள். மழை நாளில் துணியை வீட்டுக்குள் காயவைத்தே தீர வேண்டுமென்றால், ஒரே அறையில், சன்னலைத் திறந்து, மின்விசிறியின் கீழ் காயவையுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். குளிர்காலத்தில் வெயில் ஏறியதும், காலை பத்து மணிக்கு மேல், எதிரெதிர்ச் சன்னல்களை ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் இரவின் ஈரம் பெருமளவு வெளியேறிவிடும். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டி, அளவு 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். குளிருக்காகவோ சுவரைக் காயவைப்பதற்காகவோ மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தூங்குபவர்கள் எழாமலே போய்விடுவார்கள்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் வேறு வகை. நம் ஊர்களில் கடைக்கால் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல் தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். கற்களுக்கு இடையிலுள்ள சாந்து உறிஞ்சும், அதன் வழியே செங்கல்லுக்கு ஏறும். கட்டும்போதே தரைமட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டை போட்டிருந்தால் அது அங்கேயே நிற்கும். பட்டை போட்டிருந்தும் ஓதம் வந்தால், முதலில் வெளியே போய்த் தெருவைப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் போட்டதில் தெரு உயர்ந்து, மண் அந்தப் பட்டைக்கும் மேலே ஏறியிருக்கும். சுவரோரம் குவிந்த மண்ணைப் பட்டைக்கு அரை அடி கீழே வரை வெட்டி எடுத்து, மழைநீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி சரிவு வைத்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தியையும் தள்ளி வையுங்கள்.

உப்பு பூத்த சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தள்ளுங்கள். உப்புச் சேர்ந்த பூச்சைக் கறைக்கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை உடைத்து எடுத்துவிட்டு, சுவர் காய்ந்த பிறகு புதிதாகப் பூச வேண்டும். அப்போது சாந்துக்கு உப்பான போர்வெல் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். மண் சாந்தில் கட்டிய பழைய வீடாக இருந்தால் சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து, சுவரை அரித்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியேற விடும்.

மேலிருந்து வருவதற்கு, ஆடிக்கு முன்பே மொட்டை மாடியைப் பார்த்துவிட வேண்டும். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருக்கிறதா, தட்டு ஓட்டின் இடுக்குகள் பிளந்திருக்கின்றனவா, வடிகுழாயில் இலை அடைத்திருக்கிறதா, தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். குழாய்க் கசிவு இருப்பதாகச் சந்தேகமிருந்தால், இரவு மோட்டாரையும் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூசணத்தை உலர்வாகத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கேடு. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போகாவிட்டால் திரவ பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மிகாமல் கலந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தடவுங்கள். அதனுடன் கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

வழியை அடைத்த பிறகும் சுவர் உடனே காயாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே உடைக்கும் வேலையைத் தையில் முடித்து, மாசி, பங்குனி வெயிலைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, அது உலர்ந்து வந்தால் சித்திரையில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடியுங்கள். அதுவரை கேழ்வரகு மூட்டைகளை அந்த அறையில் அடுக்காதீர்கள். வேறு இடமில்லையென்றால், தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள்.