கருத்து மோதலுக்கு அஞ்சும் குழுக்கள்

புதிதாகச் சேர்ந்த குழுவில் முதல் சில வாரங்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். யார் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 'நல்ல ஒற்றுமை' என்று தலைவர் நிம்மதி அடைவார். பெரும்பாலும் அது வெறும் தயக்கம்தான்.

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் குழு வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: ஒன்றுகூடுதல், மோதல், நெறிப்படுதல், செயல்படுதல். 1977-இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து, கலைதல் என்ற ஐந்தாவது கட்டத்தையும் சேர்த்தார். எல்லாக் குழுக்களும் இதே வரிசையில்தான் வளரும் என்று நம்பிவிடக் கூடாது. அவர் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பகுதி உளவியல் சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. ஆனால் அந்த இரண்டாம் கட்டம், சேர்ந்து வேலை செய்த எவருக்கும் தெரிந்ததுதான்.

அதை அமுக்கிவிடுவதையே ஆகப் பெரிய தவறு என்பேன். ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். "முழு வடிவத்தையும் முடிவு செய்துவிட்டுத் தொடங்கலாம்" என்கிறார் ஒருவர். "ஓர் அத்தியாயத்தை எழுதிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்" என்கிறார் இன்னொருவர். குரல் சற்று உயர்ந்ததும், "சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தலைவர் பேச்சை மாற்றுகிறார். இருவரும் மௌனமாகிறார்கள், அவரவர் வழியிலேயே வேலையைத் தொடங்குகிறார்கள். மூன்றாவது வாரம் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு வரைவுகள் மேசைக்கு வருகின்றன. இப்போது பேச்சு அறிக்கையைப் பற்றியதாக இருக்காது. 'என்னைக் கேட்க இவர் யார்' என்பதாகிவிடும்.

அன்றே அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும். இரு தரப்பையும் முழுதாகப் பேசவிட்டு, முடிவையும் அதன் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதிவைத்திருக்கலாம். தன் யோசனை ஏற்கப்படாதவருக்கும், அது காது கொடுத்துக் கேட்கப்பட்டது என்பது தெரிந்திருக்கும். வாதம் ஆளைத் தாக்குவதாக மாறினால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

'எல்லோரும் சேர்ந்து செய்வோம்' என்று வேலையைப் பொதுவில் விடுவதும் தவறு. பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மன் 1913-இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்திய விசை குறைந்தது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் இருக்கட்டும்.

வேலை தாமதமானதும் ஆள் சேர்ப்பது இன்னொரு தவறு. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எச்சரித்தார். 5 பேர் ஒருவரோடொருவர் பேச 10 இணைப்புகள். 10 பேர் ஆனால் 45. புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே பழையவர்களின் நேரம் கரையும்.

பலர் கவனிக்காமல் விடுவது பாதி வழியை. காலக்கெடு உள்ள குழுக்களை ஆராய்ந்த கானி கெர்சிக் 1988-இல் வியப்பான ஒன்றைச் சொன்னார்: முதல் கூட்டத்தில் பிடித்த போக்கிலேயே குழு போகிறது, மொத்தக் காலம் எவ்வளவாக இருந்தாலும், ஏறக்குறைய பாதியில்தான் விழித்துக்கொண்டு வழியை மாற்றுகிறது. அதற்குப் பின் அடிப்படைத் திட்டத்தில் பெரிய மாற்றம் வருவதில்லை. எனவே காலக்கெடுவின் சரிபாதியில் வரும் நாளை, வேலையைத் தொடங்கும்போதே குறித்துவையுங்கள். அன்று, எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், தொடக்கத்தில் நாம் நம்பியவற்றில் எது பொய்த்தது என்றும் கேளுங்கள். முதல் வாரங்களில் தலையாட்டியவர்களை முதலில் பேசச் சொல்லுங்கள்.