டிகின்டர் டெக்ஸ்ட் விட்ஜெட்: ஒரு எழுத்து பின்தங்கும் கதை

பைத்தானில் ஜன்னல், பட்டன் எல்லாம் கட்டித் தரும் டிகின்டரை வைத்து, அதில் உரை அடிக்கும் பெட்டியான டெக்ஸ்ட் விட்ஜெட்டில் முதல் எடிட்டர் எழுதுபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. விட்ஜெட்டை ஜன்னலில் வைக்கும் பேக்கை மறப்பது, ஜன்னலை ஓட வைக்கும் மெயின்லூப்பை எழுதாமல் விடுவது எல்லாம் ஓட்டியதுமே தெரிந்துவிடும். அவை இங்கே வேண்டாம், சட்டென்று தெரியாதவை மட்டும்.

கீ ஈவென்ட்டில் எழுத்தை எண்ணுவது

எத்தனை எழுத்து என்று லேபிளில் காட்ட, கீயை அழுத்தும்போது வரும் 'கீ' ஈவென்ட்டுக்கு ஒரு ஃபங்ஷனை பைண்ட் செய்து (அதாவது இணைத்து), உள்ளே 1.0 முதல் எண்ட் வரை, அதாவது முழு உரையையும், கெட் செய்து எண்ணுகிறார்கள். மூன்று எழுத்து அடித்தால் 3 என்றே வரும். சரியாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். இங்கே இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. விட்ஜெட்டில் நாம் போட்ட பைண்டிங் முதலில் ஓடும். எழுத்தை உள்ளே வைக்கும் டெக்ஸ்ட் கிளாஸின் பைண்டிங் அதற்குப் பிறகுதான். அதனால் கைக்குக் கிடைப்பது இரண்டே எழுத்து. கடைசியில் டிகே (டிகின்டருக்கு அடியில் ஓடும் நூலகம்) தானாக வைத்திருக்கும் நியூலைன் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்கிறது. பேக்ஸ்பேஸைத் தட்டினால் 2 வர வேண்டிய இடத்தில் 4 வரும், அப்போதுதான் குட்டு உடையும்.

கீயை விடும்போது வரும் கீ-ரிலீஸுக்கு மாற்றுவது ஒட்டுப்போடும் வேலை. மெனுவிலிருந்து பேஸ்ட் செய்தால் எந்தக் கீயும் விடுபடுவதில்லை, லேபிளும் அசையாது. உரை மாறும்போது டிகே தானே கிளப்பும் 'மாடிஃபைடு' என்ற விர்ச்சுவல் ஈவென்ட்டைப் பிடியுங்கள், எண்ட்-1சி வரை, அதாவது அந்த நியூலைனை விட்டுவிட்டு, மட்டும் படியுங்கள். வேலை முடிந்ததும் எடிட்_மாடிஃபைடை (உரை மாறியதா என்று சொல்லும் ட்ரூ/ஃபால்ஸ் கொடி) ஃபால்ஸ் ஆக்காவிட்டால் அந்த ஈவென்ட் அடுத்த முறை வராது. ஃபால்ஸ் ஆக்குவதே இன்னொரு முறை அதைக் கிளப்பும் என்பதால், ஃபங்ஷனின் முதல் வரியிலேயே கொடி ட்ரூவா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நாமே அதை ஃபால்ஸ் ஆக்குவதால், 'சேமிக்கவில்லை' என்று காட்ட இதே கொடியை நம்ப முடியாது. தனி வேரியபிள் வையுங்கள்.

டெல்டாவை 120ஆல் வகுப்பது

மவுஸ் சக்கரம் எவ்வளவு உருண்டது என்று ஈவென்ட் சொல்லும் எண்தான் டெல்டா. விண்டோஸில் சாதாரண மவுஸ் சக்கரத்தின் ஒரு சொடுக்கு 120, அதனால்தான் 120ஆல் வகுக்கிறார்கள். டிகே 8.6இல் மேக்கில் அதுவே 1. முழு எண் வகுத்தலில் 1 பூஜ்யமாகும், -1 மட்டும் -1ஆகவே நிற்கும்: ஒரு பக்கம் நகரும், மறுபக்கம் நகராது. லினக்ஸில் அதே பதிப்பு சக்கரத்தை பட்டன்-4, பட்டன்-5 ஈவென்ட்டுகளாகத்தான் அனுப்பும்.

வரி எண் பட்டையைச் சக்கரத்தோடு கட்டுவது

வேண்டாம். உரை நகரும்போதெல்லாம் டெக்ஸ்ட் விட்ஜெட் அழைக்கும் ஒய்ஸ்க்ரோல்கமாண்டில் கட்டுங்கள், அம்புக்குறியில் நகர்ந்தாலும் பட்டை கூடவே வரும்.

சொந்த பேக்ஸ்பேஸ்

பேக்ஸ்பேஸை நாமே எழுதினால், இன்செர்ட்-1சி (கர்சருக்கு முந்தைய இடம்) அழிப்பது ஒரு யூனிகோட் குறியை, முழுத் தமிழ் எழுத்தை அல்ல. 'வணக்கம்' என்பதில் போவது புள்ளி மட்டும், மிச்சம் 'வணக்கம'.