கொசுத்தேனீயில் கூடுதல் குரோமோசோம் தேடுவது எப்படி?

கொட்டாத தேனீயில் கூடுதல் குரோமோசோம் என்று தேடினால், வருவதெல்லாம் பெரும்பாலும் பிரேசில் கதைதான். அங்கே பார்ட்டமோனா ஹெல்லெரி என்று ஒரு தேனீ. ஆணுக்கு 17 குரோமோசோம், வேலைக்காரிக்கு 34. சில தேனீக்களில் இதற்கு மேல் ஒன்றோ சிலவோ குட்டிக் குரோமோசோம்கள் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாவிட்டாலும் தேனீக்கு ஒரு குறையும் கிடையாது. இவற்றுக்கு பி குரோமோசோம் என்று பெயர். சென்னையில் என் லேபுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு, நம் ஊர்க் கொட்டாத தேனீயான கொசுத்தேனீயை வைத்து இந்தத் தேடலைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கூட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. பழைய வீட்டுச் சுவர் விரிசலிலும் ஈபி மீட்டர் பெட்டியிலும் பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்காக யார் வீட்டுச் சுவரையும் நோண்ட வேண்டாம். பெட்டியில் வளர்ப்பவரிடம் கேட்டு, முட்டையும் புழுவும் வளரும் பிள்ளை அறைகளில் ஒரு சிறு கொத்து மட்டும் வாங்குங்கள்.

எந்த அறையை எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அடர் பழுப்பாக, மெழுகு மூடிய அறைக்குள் இருப்பது முட்டையோ இளம் புழுவோ. புழு கூட்டுறை பின்னியதும் வேலைக்காரிகள் மேல் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அறை வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். அதில் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். புழு கழிவை வெளியேற்றிவிட்டு, வெள்ளையாக, கண் நிறம் வராமல் இருந்தால் அதுதான் வேண்டும். செல் பிரியும்போதுதான் குரோமோசோம் தனித்தனியாகத் தெரியும்; கண் சிவக்கத் தொடங்கியதை எடுத்தால் பிரியும் செல் குறைவு, நாள் வீண்.

தலையைப் பிரித்து மூளையை எடுங்கள். கசகசா அளவுதான் இருக்கும். 1 சதவீத சோடியம் சிட்ரேட்டில் 0.005 சதவீதம் கால்ச்சிசின் கலந்த கரைசலில் சுமார் 20 நிமிடம் விடுங்கள். செல் உப்பும், பிரிதல் பாதியில் நிற்கும். கால்ச்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் அதே விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பிறகு மூளையை ஸ்லைடில் வைத்து, அசிட்டிக் அமிலம், எத்தனால், தண்ணீர் 3:3:4 கலவையைச் சொட்டி, இரண்டு ஊசியால் கூழாகப் பிரியுங்கள். அடுத்து அமிலமும் எத்தனாலும் சரிபாதி. கடைசியில் தண்ணீர் கலக்காத வெறும் கிளேசியல் அசிட்டிக் அமிலம். இதுதான் எறும்புக்கு ஜப்பானிய ஆய்வாளர் இமாய் வகுத்த முறை. தேனீக்கும் நன்றாக வருகிறது. நவம்பர் மழையில் ஸ்லைடு காய மறுக்கும், மே மாதம் ஃபேனுக்குக் கீழே வைத்தால் செல் விரிவதற்குள் காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். காய்ந்த பிறகு, 6.8 பிஹெச் பஃபரில் நீர்த்த ஜீம்சா சாயம், குரோமோசோமுக்கு நிறம் ஏற்ற.

மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோமை எண்ணும்போது பிள்ளைகள் அவசரப்படுவார்கள். ஒரு செல்லில் ஒன்று கூடுதலாகத் தெரிந்ததுமே போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். பக்கத்துச் செல்லிலிருந்து சிதறி வந்திருக்கலாம், உடைந்த துண்டாகவும் இருக்கலாம். ஒரே மூளையில் 10 நல்ல செல்லாவது எண்ணி, பெரும்பாலானவற்றில் அதே எண் வந்தால்தான் நான் ஒத்துக்கொள்வேன். ஆண் புழு கிடைத்தால் அதிர்ஷ்டம்: கருவுறாத முட்டையில் பிறந்தவன், ஒரே தொகுதி குரோமோசோம்தான். ஜோடி பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை, கூடுதலாக ஒன்று இருந்தால் பளிச்சென்று தெரியும். புழு ஆணா பெண்ணா என்று வெளியே தெரியாது, எண்ணிக்கையே சொல்லிவிடும்.

சந்தேகம் தீர பேரியம் ஹைட்ராக்சைடு வைத்து சி-பேண்டிங் செய்யுங்கள்; குரோமோசோமின் இறுகிய பகுதியை (ஹெட்டரோகுரோமாட்டின்) மட்டும் கருமையாகக் காட்டும் சாய முறை அது. பார்ட்டமோனாவின் பி குரோமோசோம் பெரும்பாலும் இறுகிய ஹெட்டரோகுரோமாட்டின் என்பதால் கருமையாக நிற்கும். நம் ஸ்லைடிலும் குட்டியாக, முழுசாகக் கறுத்து நின்றால் அடுத்த கட்டச் சோதனைக்குப் போகலாம்.

தலை போன உடலை எறிந்துவிடாதீர்கள். ஆல்கஹாலில் போட்டு, ஸ்லைடில் எழுதிய அதே எண்ணைக் குப்பியிலும் பென்சிலால் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். பின்னால் டிஎன்ஏ எடுக்க அது மட்டும்தான் கையில் இருக்கும்.