கோயம்புத்தூரில் 80 ரூபாய்க்கு நல்ல மதியச் சாப்பாடு: கடை கண்டுபிடிப்பது எப்படி?

வேலைக்கோ படிப்புக்கோ கோயம்புத்தூருக்குப் புதிதாக வந்து, ரூம் எடுத்து, மூன்று வேளையும் வெளியே சாப்பிட வேண்டியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கிரைண்டர் மெக்கானிக். வீட்டு டேபிள் டாப்பிலிருந்து ஓட்டல்களில் ஓடுகிற பெரிய டில்டிங் கிரைண்டர் வரை சர்வீஸ் பார்க்கிறேன். இன்றைக்கு சரவணம்பட்டி என்றால் நாளைக்குக் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை, மறுநாள் துடியலூர். எங்கே மணி ஒன்று அடிக்கிறதோ அங்கேதான் சாப்பாடு. வேலையே ஓட்டல் சமையல்கட்டுக்குள் என்பதால், வாசலில் தெரிவதும் உள்ளே நடப்பதும் எந்த இடத்தில் ஒத்துப்போகும் என்று கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

புதிதாக வந்தவர்கள் முதலில் போனில்தான் தேடுகிறார்கள். அதில் நல்ல மெஸ் சிக்குவது அபூர்வம். ஊர் சுற்ற வந்தவர் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு ஸ்டார் போடுவார். ஆறு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிற லேத் பட்டறைக்காரர் எங்கேயும் எதுவும் எழுத மாட்டார். மறுநாளும் வந்து உட்காருவார், அவ்வளவுதான். சொந்தக் காசில் தினமும் சாப்பிடுகிற அவர் எங்கே உட்காருகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

படி 1: கணக்குப் போடுங்கள்

என் கணக்கு இது: காலை 45, மதியம் 80, இரவு 60. ஒரு நாளைக்கு 185, முப்பது நாளைக்கு 5,550 ரூபாய். டீ, பலகாரம் இதில் சேராது. ஒவ்வொரு வேளைக்கும் 20 ரூபாய் கூடினால் மாதம் 1,800 ரூபாய் கூடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு கடை தேடப் போனால், 'இருபது ரூபாய்தானே' என்று தோன்றாது.

படி 2: கடை கிடைக்கும் வரை சமாளிக்க இரண்டு இடம்

முதல் வாரம் அலையாமல் இருக்க இரண்டு இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அம்மா உணவகம். 2013இல் சென்னையில் தொடங்கியது, கோவையிலும் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கையில் காசில்லாத நாளில் கூச்சப்படாமல் போங்கள். நானும் போயிருக்கிறேன்.

இன்னொன்று, சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டில் இருக்கிற சாந்தி சோஷியல் சர்வீஸ் கேண்டீன். சாந்தி கியர்ஸ் சுப்பிரமணியம் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது. அவர் 2020 டிசம்பரில் காலமானார், கேண்டீன் தொடர்ந்து நடக்கிறது. லாபம் பார்க்காமல் போடுகிற விலை, இடமும் சுத்தம். கூட்டம் மட்டும் எப்போதும் இருக்கும். அரை மணி நேரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் பன்னிரண்டரைக்கு முன்னாலேயே போய்விடுவது நல்லது.

படி 3: வேலை நடக்கிற தெருவுக்குப் போங்கள்

பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருக்கிற கடைகளை விட்டுவிடுங்கள். அங்கே சாப்பிடுகிறவர் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவார், திரும்பி வந்து கேட்கப்போவதில்லை. காந்திபுரமாக இருந்தாலும் உக்கடமாக இருந்தாலும் மெயின் ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே நடந்து பாருங்கள். விலை இறங்கும், ருசி ஏறும்.

எந்தத் தொழில் நடக்கிறதோ அதற்கேற்ற சாப்பாடுதான் அந்தப் பக்கம் கிடைக்கும். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் பட்டறைக்காரர்களுக்கான மெஸ்கள். சோறு அளவில்லாமல் போடுவார்கள், குழம்பில் ஒரப்பு தூக்கலாக இருக்கும். கோர்ட், கலெக்டர் ஆபீஸை ஒட்டிய கோபாலபுரம் பக்கம் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் சாப்பிடுகிற சைவ மெஸ்களைத் தேடலாம். பீளமேடு, ஹோப் காலேஜ் பக்கம் மாணவர்கள் என்பதால் ராத்திரி பரோட்டாவும் தோசையும்தான் பிரதானம். உக்கடத்தில் மொத்த மீன் மார்க்கெட் இருப்பதால் மீன் குழம்பு வேண்டும் என்றால் அந்தப் பக்கம். சப்பாத்தி, ரொட்டி வேண்டுமா, வடநாட்டுக் குடும்பங்கள் வசிக்கிற சுக்ரவார்பேட்டைப் பக்கம் நடந்து பாருங்கள். ஊரை விட்டு மேட்டுப்பாளையம் வரை போனால் உருளைக்கிழங்கு மண்டிகளைச் சுற்றிப் பாருங்கள். லோடு இறக்குகிறவர்களுக்குப் பசி சீக்கிரமே எடுத்துவிடும், அதனால் அந்தப் பக்கக் கடைகள் விடியும்போதே சூடாக இருக்கும்.

யாரிடம் கேட்பது? ஆட்டோ ஸ்டாண்டில், "ஏனுங்ணா, நல்ல ஓட்டல் எங்கிருக்குது?" என்று கேட்டால் பெரிய போர்டு போட்ட கடையைக் காட்டுவார்கள். நம்மை விருந்தாளியாக நினைத்துச் சொல்கிற மரியாதை அது. "நீங்க மத்தியானம் எங்கீங்ணா சாப்பிடறீங்க?" என்று கேளுங்கள். பதில் வேறாக வரும்.

படி 4: நேரத்தோடு போங்கள்

மதியம் பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றே முக்கால். காலை ஏழிலிருந்து ஒன்பது. ராத்திரி பரோட்டா ஏழரைக்கு மேல். இந்த நேரத்தில் கடை காலியாக இருந்தால் நுழைய வேண்டாம். இரண்டரை மணிக்கெல்லாம் 'சாப்பாடு ரெடி' போர்டை உள்ளே எடுத்து வைக்கிற கடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்கியது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், ராத்திரிக்கு அதைச் சூடு பண்ணி வைக்க முடியாது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் வேலை இழுத்துவிட்டது. பொழுதோட நாலரை மணிக்குப் பசி தாங்காமல் ரோட்டோரக் கடை ஒன்றில் பிரியாணி வாங்கினேன். அடுப்பில் தீ இல்லை, அண்டாவில் கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும்தான். பார்த்தும் சாப்பிட்டேன். மூன்று நாள் படுக்கை, டாக்டருக்கு எழுநூறு ரூபாய். அன்றிலிருந்து நேரம் தப்பினால் இரண்டு வாழைப்பழமும் பேக்கரி டீயும்தான். இந்த ஊரில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை, பசியை இரண்டு மணி நேரம் தள்ளிப்போட அது போதும்.

படி 5: தட்டைப் பார்த்துக் கடையை எடை போடுங்கள்

காலை டிபனில் இட்லியை மட்டும் பார்த்தால் போதும். விண்டு பாருங்கள். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாக, ஒரே சீராக இருந்தால் உளுந்து நன்றாகப் பொங்க ஆட்டி, இரவு முழுக்கப் புளிக்க வைத்த மாவு. பெரிய ஓட்டைகளும் லேசான மஞ்சள் நிறமும் நாக்கில் சோப்புத் தட்டுகிற மாதிரி ஒரு ருசியும் இருந்தால் ஆப்ப சோடா அதிகம். கல்லாட்டம் இருந்தால் உளுந்தில் கை வைத்துவிட்டார்கள், அல்லது கிரைண்டர் கல் தேய்ந்துபோய்விட்டது. தேய்ந்த கல்லில் மாவு வெகுநேரம் ஓடிச் சூடேறிவிடும், உளுந்து பொங்காது. அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டுக் கல் கொத்தச் சொல்வார்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த ஊரில் கெட்டி இட்லி விற்கிற கடையைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அடுத்தது சட்னி. தேங்காய் விலை ஏறும்போது பொட்டுக்கடலை கூடுவது இயல்பு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கே புளித்திருந்தால் அது நேற்றைய மிச்சம். இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டில் நான் காத்திருப்பது ரசத்துக்கு. சாம்பாரில் காய் குறைந்தால் தண்ணீர் விட்டு ஒப்பேற்றலாம், கூட்டுக்குத் தேங்காய் அரைத்து விடலாம். ரசத்தில் எதையும் மறைக்க முடியாது. கணபதியில் நான் போகிற மெஸ்ஸில் ஆறு மேஜை. சமையல், பரிமாறல் எல்லாம் ஒரு அக்காவும் அவர் மாமியாரும்தான். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு. காலையில் வேகவைத்த கொள்ளை வடித்து, பருப்பை வரமிளகாய், பூண்டு வைத்துக் கடைந்துவிடுவார்கள். வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். முதல் சோற்றுக்கு அந்தக் கடைந்த பருப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும். அடுத்து அந்த மாமியார் ரசப் போசியைத் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார். இலையில் குழி செய்து வைத்திருக்கிற சோற்றில் ஊற்றும்போது ஆவி முகத்தில் அடிக்கும். கறுப்பாக இருக்கும், பார்க்க அழகில்லை. ஒரு வாய் வைத்ததும் மூக்கு திறந்துகொள்ளும். சூடு ஆறுவதற்குள் இன்னொரு கை சோறு கேட்கத் தோன்றும், நாம் கேட்காமலே அவர் போட்டுவிட்டுப் போவார். பெரிய ஓட்டலில் இதே கொள்ளு ரசத்தைக் கிண்ணத்தில் வைத்துத் தனி விலை போடுகிறார்கள்.

கொங்கு நாட்டுச் சாப்பாடு கையைக் கடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். புஞ்சைக் காட்டில் விளைந்த கொள்ளு, கம்பு, ராகி, மொச்சை வைத்து வந்த சமையல் இது. ஒரே பாத்திரத்தில் ஆகிவிடுகிற அரிசிம்பருப்புச் சாதம் எந்தக் கடையில் போட்டாலும் தயங்காமல் வாங்குங்கள். சந்தகை (அரிசி சேவை) கிடைத்தால் தேங்காய்ப் பாலோடு கேளுங்கள். வெயில் காலத்தில் தள்ளுவண்டிக் கம்மங்கூழ், மோர்மிளகாய், சின்ன வெங்காயத்தோடு ஒரு சொம்பு குடித்தால் மதியச் சாப்பாடே வேண்டியிருக்காது. கூழில் விடுகிற தண்ணீர் எங்கே பிடித்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயையும் பார்க்க வேண்டும். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் சேருகிற பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கக் கருவி வேண்டும். ஆனால் வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல் நின்றால் கண்ணே சொல்லிவிடும். பஜ்ஜியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அச்சு மை உணவில் ஏறும். கல்லாவுக்குப் பின்னால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

படி 6: உட்காரும் முன் விலை கேளுங்கள்

கேட்பதில் தப்பே இல்லை. "அக்கா, சாப்பாடு எவ்வளவுங்க? அளவுச் சாப்பாடுங்களா, ஃபுல் மீல்ஸுங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அளவுச் சாப்பாடு என்றால் ஒரு தடவை போட்டதோடு சரி. வயிறு சின்னதாக இருப்பவர்களுக்கு அதுவே லாபம்.

அசைவ மெஸ்ஸில் இன்னும் கவனமாக இருங்கள். பல இடங்களில் சோற்றோடு கோழிக்குழம்பு, குடல் குழம்பு, மீன் குழம்பு எல்லாம் ஊற்றுவார்கள், அது சாப்பாட்டு விலையிலேயே சேர்ந்தது. தட்டில் வைத்து மேஜைக்குக் கொண்டுவந்து காட்டுகிற வறுவல்தான் தனி. அங்கேதான் 80 ரூபாய் 250 ஆகிறது. "குழம்பு மட்டும் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கலக்கி வாங்கிக்கொள்ளுங்கள். கலக்கி தெரியாதவர்களுக்கு: அடித்த முட்டையில் கொஞ்சம் குழம்பு கலந்து சூடான கல்லில் ஊற்றி, முழுசாக வேகும் முன்பே மடித்து எடுத்து வைப்பார்கள். வெளியே பிடிப்பாகவும் உள்ளே குழைவாகவும் இருக்கும். பரோட்டாவுக்கும் அதுவே பொருத்தம். சம்பளம் வந்த வாரம் மட்டும் பள்ளிபாளையம் சிக்கன். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, இவைதான் அதில் தெரிய வேண்டும். மசாலாத் தூள் அப்பிச் சிவப்பாக வந்தால் அது வேறு ஏதோ.

ரூமில் இரண்டு பேர் இருந்தால் பார்சல் வாங்குங்கள். பல மெஸ்களில் ஒரு பார்சல் சாப்பாட்டுச் சோறு இருவருக்கு வரும். தூக்குப் போசி கொண்டுபோனால் குழம்பு தாராளமாக விழும். பிளாஸ்டிக் கவரில் சூடான சாம்பார் வாங்கும் கெடுதலும் இல்லை.

படி 7: பில்லைப் படியுங்கள்

சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். 160 ரூபாய்ச் சாப்பாடு 168 ஆகும். காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டுகிற திட்டம்) இருக்கிற சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று 2022இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது.

படி 8: ஒரு கடையோடு நிற்காதீர்கள்

மூன்று கடையாவது கையில் இருக்க வேண்டும். பட்டறைப் பக்கத்து மெஸ்கள் பலவும் ஞாயிறு லீவு. தீபாவளி, பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் ஒரு வாரம் கூடத் திறக்காது. ஊர் நோம்பி (ஊர்த் திருவிழா) என்றாலும் அப்படித்தான். புரட்டாசியில் அசைவக் கடைகளில் கூட்டம் குறையும், கறி தேங்கும். அந்த மாதம் சைவம் பக்கம் போய்விடுவது உத்தமம்.

நான் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கிறேன். போன வாரம் எழுதியது இப்படி இருக்கிறது: "ஆவாரம்பாளையம், லேத் பட்டறைச் சந்து, நீலக் கதவு. செவ்வாய் 12.40. சாப்பாடு 75. பொரியல் இரண்டு. ரசம் சூடு. மோர் தண்ணி. பெரியவர் இரண்டாம் சோறு கேட்காமலே போட்டார். வியாழன் பச்சைப்புளி ரசமாம், மறுபடி போகணும்."