முதன்முறையாக இணையத்தில் தமிழ் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமை காலைதோறும் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்திப் பழகிய ஒருவர் முதன்முறையாக மடிக்கணினியின் முன் அமரும்போது, எந்தச் செயலி நல்லது என்றுதான் முதலில் விசாரிப்பார். நானும் அதையே விசாரித்து இரண்டு வாரங்களை வீணாக்கினேன். அந்த இரண்டு வாரத்தில் மாணவர் ஒவ்வொருவரிடமும் அவர் எந்தக் கருவியில் கேட்பார், டேட்டா எவ்வளவு வாங்க முடியும், வீட்டில் அமைதியான மூலை உண்டா என்று கேட்டு எழுதி வைத்திருந்தால், செயலி எது என்பது தானாகவே முடிவாகியிருக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டியும் பேரனும் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்வார்கள்; ஜொகானஸ்பர்க்கின் லெனேசியாவில் இருக்கும் இளைஞருக்குக் கம்பிவழி இணையமும் தனியறையும் இருக்கும். இருவரையும் ஒரே வகுப்பில் அமர்த்துவதானால், எளிய கருவி வைத்திருப்பவருக்கு ஏற்பவே வகுப்பை அமைக்க வேண்டும்.

ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூவரும் அதற்கு மேலும் கூடினால் 60 நிமிடம் கிடைக்கும். இரண்டில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, ஓராண்டுக்கு அதை மாற்றாமல் இருங்கள். காணொலி ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிகாபைட் வரை டேட்டா கரையக்கூடும். ஒலி மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே வணக்கம் சொல்லி முகம் பார்த்தபின் எல்லோரும் கேமராவை நிறுத்திவிடலாம் என்று முதல் நாளே அனுமதி கொடுங்கள். நான் 35 நிமிடத்துக்குத்தான் பாடம் வைக்கிறேன். அதற்கு மேல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பெரியவர்களுக்கே பொறுமை இருப்பதில்லை.

நம் தமிழ்ப் பள்ளிகளின் பழைய முறை ஒன்று இணையத்தில் அடியோடு தோற்றுப்போகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியர் ‘அ’ என்று சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ‘அ’ என்று முழங்குவது மண்டபத்தில் அழகாக இருக்கும். திரையிலோ ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேர்வதாலும், உரத்த குரலை முன்னிறுத்தி மற்றவற்றைச் செயலி அமுக்கிவிடுவதாலும், எஞ்சுவது கூச்சல் மட்டுமே. தேவாரத்தைக் கூட்டாகப் பாட முயன்றால் நிலைமை இன்னும் மோசம். இதற்கு நான் கண்ட வழி, எல்லோருடைய ஒலிவாங்கியையும் அணைத்துவைத்து, என்னைத் தொடர்ந்து அவரவர் வீட்டில் உரக்கச் சொல்லச் செய்து, பிறகு ஒருவரை மட்டும் பெயர் சொல்லி அழைத்து ஒலிவாங்கியைத் திறக்கச் சொல்வது. அடுத்து யாரை அழைப்பேன் என்று தெரியாததால் எல்லோரும் விழிப்பாகவே இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டின் வரிசையில் அழைத்தால், தன் முறை முடிந்தவர் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார்.

ஒலிப்பைக் கற்பிப்பதில்தான் புதியவர் அதிகம் தடுமாறுகிறார். ‘பழம்’ என்ற சொல் ‘பளம்’ என்றோ ‘பலம்’ என்றோ வரும்போது, அது மாணவரின் நாக்கின் பிழையா கருவியின் பிழையா என்று ஆசிரியருக்கே ஐயம் எழும். ஏனெனில் பின்னணி இரைச்சலை நீக்கும் அமைப்பு மெல்லிய ஒலிகளையும் சேர்த்துச் சில வேளை நறுக்கிவிடுகிறது. ஜூமின் ஒலி அமைப்பில் இரைச்சல் நீக்கத்தைக் குறைத்து வைத்து, கம்பியுள்ள சாதாரண காதொலிக் கருவியைப் பயன்படுத்தினால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதிக்கு உங்கள் கைகள் போதும். இடக்கையைக் கவிழ்த்துக் குவித்து மேலண்ணம் என்று காட்டுங்கள். அதன் கீழே வலக்கையை நாக்காக நீட்டுங்கள். லகரத்துக்கு விரல் நுனி முன்பக்கம், பல்லின் வேருக்கருகே தொடட்டும். ளகரத்துக்கு விரல்கள் பின்னோக்கி மடிந்து அண்ணத்தைத் தொடட்டும். ழகரத்துக்கு அதே போல் மடியட்டும், ஆனால் எங்கும் தொடாமல் நிற்கட்டும். வாய்க்குள் நடப்பதைக் கேமரா காட்டாது; இந்தக் கைச்செய்கையைச் சிறிய கைப்பேசித் திரையிலும் தெளிவாகப் பார்க்கலாம்.

எழுத்தைக் காட்டுவதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு டப்பாக்களை மேசையில் வைத்து, அவற்றின் குறுக்கே பலகை ஒன்றைப் போட்டு, அதன் விளிம்பில் கேமரா வெளியே நீளும்படி பழைய கைப்பேசியைப் படுக்க வைத்தால், அதன் கீழே நீங்கள் எழுதுவதை அனைவரும் மேலிருந்து பார்க்கலாம். அந்தக் கைப்பேசியையும் அதே கூட்டத்தில் இன்னொருவராகச் சேர்த்துவிடுங்கள். அதன் ஒலியை மட்டும் முழுவதும் அணைத்துவிடுங்கள், இல்லையேல் காது கிழியும். தடித்த கறுப்புப் பேனாவால் ஒரு தாளில் இரண்டு எழுத்துக்கு மேல் எழுதாதீர்கள். ‘அ’ எங்கே தொடங்குகிறது, சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, கோடு எங்கே இறங்குகிறது என்பதை வாயாலும் சொல்லிக்கொண்டே மெதுவாக எழுத வேண்டும். தாளை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டும்போது உங்கள் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரியும். அது உங்களுக்கு மட்டும் காட்டப்படும் கண்ணாடிப் பிம்பம், மாணவர்களுக்கு நேராகவே தெரிகிறது. இது தெரியாமல் முதல் வகுப்பில் நான் தாளைப் பின்புறமாகத் திருப்பிக் காட்டினேன்.

முதல் எழுத்துப் பயிற்சிக்கு ‘அம்மா, ஆடு, இலை’ என்று தொடங்காமல் மாணவர்களின் குடும்பப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1860-இலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலுக்கு வந்தவர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துக்குள் புகுந்து உருமாறிவிட்டன. ‘கோவெண்டர்’ என்று பள்ளியில் அழைக்கப்படும் பிள்ளை அது ‘கவுண்டர்’ என்று அறியும்போதும், ‘மூட்லி’ என்பவர் ‘முதலி’ என்று எழுதிப் பார்க்கும்போதும் அடையும் மகிழ்ச்சியை எந்தப் பாடநூலும் தராது. ‘பிள்ளை’ என்ற பெயரிலேயே ளகர மெய்யும் ஐகாரக் குறியும் இருக்கின்றன. ஒரு வகுப்புக்கு அதுவே போதும்.

கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையைத் தொடக்கநிலையினருக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. லகரமா ளகரமா என்று மாணவர் தீர்மானிக்க வேண்டிய இடத்தில் பொறியே தீர்மானித்துவிடுகிறது. நம்மவர்களில் பலர் தேவாரத்தையே ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடிப் பழகியவர்கள்; அந்த ஊன்றுகோலைத் திரையிலும் நீட்ட வேண்டுமா? தமிழ் எழுத்துகளையே காட்டும் விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள். முதல் மாதம் மெதுவாகத்தான் நகரும்.

வாரம் 35 நிமிடத்தில் எந்த மொழியும் வந்துவிடாது என்பதால், உண்மையான கற்பித்தல் வகுப்புகளுக்கு இடையில் வாட்ஸ்அப் குரல்பதிவுகளில்தான் நடக்கிறது. நம் நாட்டின் யூனிசா பல்கலைக்கழகம் 1946-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது; அந்த முறையில் படித்தவர்களைக் கேட்டால், திருத்திய தாள் எப்போது திரும்பி வரும் என்று காத்திருந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். குரல்பதிவுக்கும் அதே நியதி பொருந்தும். மாணவர் மூன்று வாக்கியம் பேசி அனுப்பினால், இரண்டு நாளுக்குள் அவர் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்து, சரியான ஒலிப்பை இருமுறை சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஐந்து பிழையையும் அடுக்கினால் அடுத்த வாரம் பதிவே வராது. நேரத்தை மிச்சப்படுத்த இரட்டை வேகத்தில் கேட்காதீர்கள். றகரமும் ரகரமும் அதில் ஒன்றாகிவிடும்.

மின்வெட்டை இந்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிகக் கடுமையாக இருந்த 2023-க்குப் பிறகு நிலைமை தேறியிருந்தாலும், கம்பிக் கோளாறும் கம்பித் திருட்டும் ஓயவில்லை. மின்சாரம் நின்றாலும் இணையம் ஓட, ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யுபிஎஸ் மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாளின் படத்தையும் நான்கு நிமிடக் குரல்பதிவு ஒன்றையும் முந்தின இரவே தயார் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தொடர்பு அறுந்தால் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட வேண்டும் என்பது விதி; அங்கே அந்தப் பாடம் காத்திருக்கும்.

அந்தக் குழுவைத் தொடங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுத்தப்படும் போபியா எனப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர் குழந்தையே. அவருடைய குரலையோ முகத்தையோ பதிவு செய்வதற்கு முன் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில் பெறுவதே நல்லது. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், பிள்ளைகளின் எண்ணைச் சேர்க்காமல் பெற்றோரின் எண்ணைச் சேருங்கள்.

பாடநூலுக்கு அலைய வேண்டாம். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகச் சென்னையில் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலையருக்கான பாடங்கள் ஒலியோடு கிடைக்கின்றன. அங்குள்ள எடுத்துக்காட்டுகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவையாக இருந்தால், அவற்றுக்குப் பதிலாக அவர்கள் நம் கோயில்களில் காணும் ஆடிக் கூழையும் காவடியையும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது வாரம், ஒப்புதல் பெற்ற வகுப்பு ஒன்றைப் பதிவு செய்து, கையில் கடிகாரத்தோடு தனியே கேட்டுப் பாருங்கள். நீங்கள் பேசிய நிமிடங்களை ஒரு பக்கமும் மாணவர்கள் பேசியவற்றை மறுபக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். என் முதல் பதிவில் 35 நிமிடத்தில் 29 என்னுடையவை. அடுத்த வகுப்புக்கு வைத்திருந்த படவில்லைகளில் பாதியை அன்றிரவே நீக்கினேன்.